நாத்தனார் சுட்ட கப்பல்

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் நான் காஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு மாடல் வந்தால், அதற்கு எத்தனை சதுர அடி தோல் போகும், எவ்வளவு நூல், எவ்வளவு பசை, வெட்டும்போது எவ்வளவு வீணாகும் என்று போட்டு ஒரு விலை சொல்ல வேண்டும். ஒரு சமயம் ஆர்டர் குறைந்துபோய், வாரத்தில் பாதி நாள்தான் கம்பெனி ஓடியது. மீதி நாள் வீட்டில் சும்மா இருக்க எனக்கு வரவில்லை. அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் எனக்கு அந்த விளையாட்டைக் காட்டினாள்.

அவள் என் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லாருக்கும் பாப்பாதான். வேலூர் பக்கம் ஒரு காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, இன்டர்வியூவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். கூடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. பெங்களூரில் ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்டதை என் கணவர் வாங்கி வந்திருந்தார். அதில்தான் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். விண்வெளியில் நடக்கும் விளையாட்டு. ஒரு சின்னக் கப்பலோடு ஆரம்பிக்க வேண்டும். கொள்ளைக்காரர்களோடு சண்டை போடலாம், சரக்கு ஏற்றி விற்கலாம், விண்கல் வெட்டி எடுக்கலாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே வானத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் இரண்டு பேரும் அவள் பெயரில் இருந்த ஒரே கணக்கில், ஒரே கப்பலில் விளையாடினோம். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் அவள். நான் கம்மி விலை நிலையத்தில் வாங்கி ஜாஸ்தி விலை நிலையத்தில் விற்பேன். அவள் உட்கார்ந்ததும் கப்பலைத் திருப்பிக்கொண்டு எங்கே சண்டை நடக்கிறதோ அங்கே போய்விடுவாள். நான் மறுநாள் உட்கார்ந்தால் கவசம் கிழிந்திருக்கும், ஏவுகணை எல்லாம் தீர்ந்திருக்கும், சரக்கு அறையில் கொள்ளைக்காரர்களிடமிருந்து பிடுங்கிய உடைந்த துப்பாக்கிகள் நிறைந்து கிடக்கும். அவற்றை எந்த நிலையத்திலும் ஒழுங்கான விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

"நீ ஒரு சண்டைக்கு விடற ஏவுகணை விலையைப் பாத்தியா? கவசம் ரிப்பேர் வேற. அதுல கிடைக்கிறது இந்த ஓட்டைத் துப்பாக்கி. ஒவ்வொரு சண்டையிலும் நஷ்டம்தான் பாப்பா."

"சண்டை போடறதுக்குத்தான் அண்ணி இந்த கேமே. காஸ்டிங் போடணும்னா நீங்க கம்பெனிக்கே போகலாமே."

ஒருநாள் நான் ஏற்றி வைத்திருந்த சரக்கோடு கப்பலைச் சண்டைக்கு எடுத்துப் போய்ச் சுத்தமாக அழித்துவிட்டாள். அன்றைக்கே எனக்குத் தனிக் கணக்கு ஆரம்பித்துக்கொண்டேன். அவள் தன் பழைய கணக்கை, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக வாங்கியிருந்த லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டாள். அதில் படம் மங்கலாக ஓடும், மின்விசிறி அரைவை மெஷின் மாதிரி கத்தும். கூடத்தில் ஒரு மூலையில் நான், எதிர்ச் சுவரோரம் அவள். நடுவில் என் மாமியார் காய் நறுக்குவார். நாங்கள் கையில் எதையோ தட்டிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே பேசிக்கொள்வதைப் பார்த்து, "இது இன்னா வேலைக்கு ட்ரெய்னிங்கா?" என்று ஒரு தடவை கேட்டார்.

நான் மெல்ல மெல்ல ஒரு பெரிய சரக்குக் கப்பல் வாங்கினேன். அதற்குத் துப்பாக்கி கிடையாது, வேகமும் கிடையாது, வயிறு மட்டும் பெரிசு. வானத்தின் ஓரத்தில் ஒரு சுரங்கக் குடியிருப்பு இருந்தது. விளையாட்டின் கதைப்படி அங்கே தண்ணீர் கெட்டுப்போய்விட்டது, சுத்தம் செய்ய வடிகட்டி வேண்டும். மற்ற வியாபாரிகள் அங்கே போக மாட்டார்கள். தூரம் அதிகம், போகிற வழியில் ஒரே ஒரு வாசல்தான் உண்டு. வாசல் என்றால், ஒரு மண்டலத்திலிருந்து இன்னொரு மண்டலத்துக்குக் கப்பல் தாவுகிற பெரிய வளையம். நான் அந்தக் குடியிருப்பையே பிடித்துக்கொண்டேன். என் கணவர் தோல் ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். நான் வடிகட்டி ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால், "நான் பண்ற வேலையையே நீ வீட்ல உக்காந்து சம்பளம் இல்லாம பண்ற" என்பார்.

பல மாதம் தவறாமல் போனேன். அந்தக் குடியிருப்பில் எனக்கு மதிப்பு ஏறிக்கொண்டே வந்தது. அந்நியர் என்று ஆரம்பித்தது, தெரிந்தவர் ஆகி, நம்பிக்கைக்குரியவர் வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த படிக்குப் போனால் குடியிருப்பில் ஒருத்தர் என்று ஆக்கிவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் பேச வைக்கிற பொம்மைகள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் இறங்கினதும் ஒரு கிழவன் பொம்மை, "நீ வந்துவிட்டாயா, இனி பயமில்லை" என்று சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம்தான் அந்த அப்டேட் வந்தது.

விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்காரர்கள் பொருளாதாரத்தைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி இரண்டு விஷயம் செய்தார்கள். ஏவுகணை, குண்டு எல்லாவற்றின் விலையையும் ஏற்றினார்கள். நிலையத்தில் பொருள் வாங்குகிற கடைக்காரப் பொம்மைகளின் கையில் இருக்கிற பணத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள். அந்தப் பணம் தீர்ந்தால், அது திரும்பச் சேருகிறவரைக்கும் கடைக்காரன் எதையும் வாங்க மாட்டான். சண்டைக்காரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்து வந்த சாமான்களை விற்க முடியாமல் நிலையத்தில் நின்றார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. நான் போகிற ஊருக்கு வேறு யாரும் போகாததால் அங்கே கடைக்காரன் கையில் எப்போதும் பணம் இருந்தது.

பாப்பா சாப்பிடும்போதுகூட அதையே பேசினாள். "ஒரு சண்டைக்குப் போய்ட்டு வந்தா அடுத்த சண்டைக்குக் குண்டு வாங்க முடியல அண்ணி. சும்மா நிலையத்துல நிக்கறோம். எழுதிப் போட்டா, 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு மிஷின் பதில் போடுது. பேஜாரா இருக்குது."

"அப்ப சரக்கு ஓட்டு. நான் சொல்லித் தர்றேன்."

"எல்லாரும் சரக்கு ஓட்டினா அப்பறம் யாரு கொள்ளைக்காரனைத் தொரத்துவாங்க? உங்க கப்பல் வர்ற வழியில நாங்க சுட்டுத் தள்ளினதாலதான நீங்க நிம்மதியா போய்ட்டு வந்தீங்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அவள் இருந்த சண்டைக் குழுவும் இன்னும் சில குழுக்களும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். கம்பெனிக்காரன் எழுத்தைப் படிக்க மாட்டான், வியாபாரம் நின்றால்தான் திரும்பிப் பார்ப்பான் என்று, முக்கியமான வாசல்களை எல்லாம் மறித்து நின்றுவிட்டார்கள். எந்தச் சரக்குக் கப்பல் வந்தாலும் எச்சரிப்பார்கள், திரும்பாவிட்டால் சுடுவார்கள். என் குடியிருப்புக்குப் போகிற வாசல் பாப்பாவின் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது.

அன்றைக்கு எங்கள் ஷூ கம்பெனி லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். குடியிருப்போடு நான் போட்ட ஒப்பந்தம் அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வடிகட்டி போய்ச் சேராவிட்டால் என் மதிப்பு அடியோடு போய்விடும். ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலை நெருங்கும்போது திரையில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் ஒன்று பாப்பா. அவள் எதிர்ச் சுவரோரம் சம்மணம் போட்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அது நீங்களா? திரும்பிப் போங்க."

"எனக்கு ஒப்பந்தம் இருக்குது. இன்னிக்குக் கடைசி."

"எல்லாருக்கும்தான் இருக்குது. யாரையும் விடக்கூடாதுன்னு பேசிட்டோம்."

"நான் சண்டைக்கு வரல. தண்ணி வடிகட்டி கொண்டுபோறேன். ஒரு கப்பலை விட்டா இன்னா ஆயிடும் உங்களுக்கு?"

அவள் ஹெட்போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசினாள். எங்கள் வீட்டு ஆள், என் அண்ணனின் மனைவி என்று எதையாவது சொல்லிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பேசினது ஒரு வரிதான். அப்புறம் ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களை விட்டா நாளைக்கு இன்னொருத்தர் அவங்க அண்ணியை விடச் சொல்லுவாரு. கடைசியா சொல்றேன் அண்ணி. திரும்பிப் போங்க. ப்ளீஸ்."

நான் திருப்பவில்லை. அவள் சுட மாட்டாள் என்று உறுதியாக நம்பினேன். அதைவிட, என் வீட்டுக் கூடத்திலேயே ஒருத்தி என்னைத் திரும்பிப் போ என்கிறாளே என்று எரிச்சல். நேராக வாசலுக்குள் விட்டேன்.

அவள் சுட்டாள். முதல் குண்டில் கவசம் போயிற்று. என் கப்பல் திரும்புவதற்கே ஒரு யுகம் ஆகும். அடுத்து விட்ட ஏவுகணையில் நடுவாக்கில் பிளந்துபோய், வயிற்றிலிருந்த வடிகட்டிப் பெட்டிகள் எல்லாம் வெளியே வந்து இருட்டில் மிதந்தன. யாரும் அதை எடுக்கக்கூடாது என்று அவள் ஹெட்போனில் சொல்வது கேட்டது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் வந்து பெட்டிகளை வாரிக்கொண்டு போனார்கள். கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, சரக்குக்கு இல்லை. சாயங்காலம் குடியிருப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. நான் மறுபடி அந்நியர்.

நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். மாமியார் பின்னாலேயே வந்தார்.

"இன்னா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

"உங்க பொண்ணு என் கப்பலைச் சுட்டுட்டா அத்தை."

"எதுக்கு?"

நான் சொன்னேன். விலை ஏற்றியது, இவர்கள் வேலைநிறுத்தம் மாதிரி வாசலை மறித்தது, நான் சரக்கோடு போனது, எல்லாவற்றையும் சொன்னேன். என் மாமியார் முட்டி தேய்கிறவரை ஒரு ஷூ ஃபேக்டரியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலைநிறுத்தம் என்ற வார்த்தையில் மட்டும் அவர் முகம் மாறியது.

"அவங்க எல்லாம் கேட்டுல நிக்கும்போது நீ உள்ள போனியா?"

"அத்தை, இது விளையாட்டு."

"விளையாட்டுதான். நீ உள்ள போனியா, இல்லியா?"

"எனக்கு ஒப்பந்தம் இருந்துச்சு அத்தை."

"எங்க கூட ஸ்ட்ரைக்ல நின்னவங்களுக்கு எல்லாம் வீட்ல குழந்தைங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கழுவி வைத்த ஒரு சொம்பை எடுத்துத் திரும்ப ஒரு தடவை துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

என் சமையல்கட்டில், இல்லாத ஒரு கப்பலுக்காக, இல்லாத ஒரு வாசலுக்காக நான் கருங்காலி ஆகிவிட்டேன். சுட்டவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் நானும் பாப்பாவும் பேசுவதே நின்றுவிட்டது. "காபி ஆயிடுச்சுன்னு சொல்லுங்க அத்தை", "தண்ணி வரலன்னு அண்ணிகிட்ட சொல்லும்மா" என்று எல்லாம் மாமியார் வழியாகத்தான். என் கணவருக்கு இது ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அமிர்தி அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அருவியில் தண்ணீர் இல்லை. பாறையில் வெயில்தான் வழிந்தது. மான்களைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். மாமியார் கை கழுவப் போன நேரத்தில் பாப்பாவே ஆரம்பித்தாள்.

"நீங்க திரும்பியிருக்கலாம் அண்ணி."

"நீ சுடாம இருந்திருக்கலாம்."

"எல்லாருக்கும் முன்னாடி எப்படி சுடாம இருக்கறது?"

"சுட்டதுகூட பரவாயில்ல. சரக்கை வாரிட்டுப் போனாங்களே உன் ஆளுங்க, அதுக்கு இன்னா சொல்ற? போராட்டம்னா அதுக்குத் திருட்டு எதுக்கு?"

பக்கத்தில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கணவரைக் கேட்டார். "எந்த செக்போஸ்ட்டுலங்க?"

என் கணவர் நிதானமாக, "ஆந்திரா பார்டருங்க" என்றார்.

"சரக்கு நிறையவா?"

"தண்ணி ஃபில்டருங்க."

"அதையா வாரிட்டுப் போனாங்க?" என்று அவர் நம்பாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சம்சாரம் மட்டும், "யாருக்கும் அடி படலயே?" என்று கேட்டார். பாப்பா, "இல்லம்மா, கப்பல்தான் போச்சு" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவுக்கும் வரவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

மறியல் சில வாரம் ஓடிற்று. கடைசியில் விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்தார்கள், பாதி மட்டும். குண்டு விலையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கடைக்காரர்களின் பணத்துக்கு வைத்த அளவை எடுக்கவில்லை. சமாதானத்துக்கு எல்லாருக்கும் கப்பலுக்குப் பூசிக்கொள்ள ஒரு புது நிறம் இலவசமாகக் கொடுத்தார்கள். மஞ்சளும் கறுப்பும். ஆட்டோ மாதிரி இருந்தது. பாப்பாவின் குழு வெற்றி என்று அறிவித்தது. நான் என் மதிப்பைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினேன். பாதுகாப்பில்லாத பகுதியில் ஏற்படும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. கீழே, உங்கள் கருத்துக்கு நன்றி.

பாப்பா அந்தப் பதிலை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "முதல்ல இருந்து ஆரம்பிங்க அண்ணி. நான் கூட வர்றேன். யாரும் உங்களைத் தொட முடியாது."

"தொட்டதே நீதான்."

"அதுக்குத்தான் வர்றேன்னு சொல்றேன்."

வேண்டாம் என்று பல நாள் இழுத்தடித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை வடிகட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் ஆட்டோ நிறத்துச் சண்டைக் கப்பலில் என் பக்கவாட்டில் வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவள் போட்ட சண்டையை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். ஏவுகணையை வீணாக்கவில்லை. அவர்களை என் கப்பலைவிட்டு இழுத்துப் போய், தன் கவசத்தை ஒரு பக்கமாகத் திருப்பி அடி வாங்கிக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து சுட்டாள். நான் காஸ்டிங் போட்டுப் பார்த்திருந்த சண்டை வேறு, இது வேறு.

குடியிருப்பில் இறங்கினோம். கடைக்காரன் கையில் பணம் இல்லை. வாசல் திறந்ததிலிருந்து, மற்ற ஊர்க் கடைகளில் பணம் தீர்ந்துபோனதால், நான் இல்லாத இடத்தில் வேறு வியாபாரிகள் வந்து விற்றுத் தீர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கப்பல் நிறைய வடிகட்டியோடு, திறந்திருக்கிற கடைக்கு முன்னால் நான் நின்றேன். கிழவன் பொம்மை என்னைப் பார்த்து, "யார் நீ?" என்றான்.

பாப்பா எதிர்ச் சுவரோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள். "இப்படித்தான் அண்ணி நாங்க நின்னோம்."

எனக்கு மேசையைக் குத்த வேண்டும் போல இருந்தது. அவள் மேல் கோபமா, கம்பெனிக்காரன் மேலா, கிழவன் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. "நீங்க ஜெயிச்சுட்டோம்னு சொன்னீங்களே" என்றேன்.

"குண்டு விலை கம்மியாச்சுல்ல. எங்க ஆளுங்களுக்கு அதுவே போதும்னு போய்ட்டாங்க. இதுக்கு இன்னொரு தடவை வாசலை மறிக்கலாம்னு சொன்னேன். ஒருத்தரும் வரல."

"நான் வந்திருப்பேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. துப்பாக்கி இல்லாத கப்பலை வைத்துக்கொண்டு எந்த வாசலை மறிப்பேன் என்று அவள் கேட்கவில்லை. அது பெரிய மனசுதான்.

அடுத்த மாதம் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. வாரம் முழுக்க வேலை, சில ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் வேலை கிடைத்தது. லேப்டாப்பைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள். கூடத்தில் அந்தச் சத்தம் இல்லாமல் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

போன வாரம் பாப்பா போன் செய்தாள். அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணி, அம்மாகிட்ட சொல்லாதீங்க. எங்க குழு ரெண்டா உடைஞ்சிடுச்சு. உங்க பெட்டியை வாரினாங்களே, அவங்க ஒரு பக்கம். இப்ப ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிறாங்க."

"நீ எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் என்னை வெளியே தள்ளிட்டாங்க. ரொம்ப சட்டம் பேசறனாம்."

எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் அதைவிட நிறையக் கோபமாகவும் இருந்தது. கண்ணெதிரே என் சரக்கை வாரிக்கொண்டு போனவர்கள் உள்ளே இருக்கிறார்கள், வாராதே என்று சொன்னவள் வெளியே நிற்கிறாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அவள் ஆரம்பித்தாள். அது தண்ணியாம், உப்பும் ஜாஸ்தியாம், எழுதிப் போட்டால் கேட்பாரில்லையாம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.